சுவாமிமலையில் உளிக்கு யார் கூலி கொடுப்பது?

கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் சாமி சிலைகளை உலோகத்தில் வார்க்கிறார்கள். அந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது, பணம் வந்தாலே கலை கெட்டுவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் ஏழ்மையிலா பிறந்தன? செம்பியன் மாதேவி, குந்தவை போன்ற சோழ அரச குலத்தார் அள்ளிக் கொடுத்த பொருளில் பிறந்தவை அவற்றில் பல. அந்தச் செல்வம் சிற்பிக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. இன்று வரும் பணம் அந்த அவகாசத்தைத்தான் முதலில் பறிக்கிறது.

தேன்மெழுகும் குங்கிலியம் என்ற மரப்பிசினும் ஏறக்குறையச் சமமாக எடுத்து, கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சி, ஒடியோலை என்ற தென்னை ஓலைக்கீற்றில் மடித்துக் குறித்த அளவுப்படி கையால் உருவம் பிடிப்பதுதான் முறை. அதன்மேல் மண் பூசிக் கூடாக்கி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்துவிடுவார்கள். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பெரிய ஆர்டர் பிடித்த பட்டறையில் நல்ல சிலை ஒன்றிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, மெழுகை ஊற்றி ஊற்றிப் பெயர்க்கிறார்கள். விரலிடுக்கும் இதழோரமும் பல நேரம் மழுங்கி வரும்.

மெழுகின்மேல் முதல் பூச்சு காவிரி வண்டல், மெல்லியதாக. அது நிழலில் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரத்தில் ஈரம் மிஞ்சினால், உருகிய உலோகம் பட்டதும் ஆவியாகிச் சிலையில் பொத்தல் விழும்; கூடே வெடிக்கவும் செய்யும். பொத்தலை அடைத்துப் பாலிஷ் போட்டால் வாங்குபவருக்குத் தெரியாது.

பெரிய இழப்பு உளி வேலையில்தான். கூட்டிலிருந்து வெளிவரும் சிலை கரடுமுரடாக இருக்கும். அரத்தால் ராவி, சிற்றுளியால் ஆடை மடிப்பையும் அணிகளையும் வெட்டி, கடைசியில் கண் திறக்க வாரக்கணக்கில் ஆகும், பெரிய சிலைக்கு மாதக்கணக்கில். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இங்கேதான். கிரைண்டரும் பளபளப்பேற்றும் பஃப் சக்கரமும் ஓடிய சிலையில் மூக்கின் விளிம்பு, புருவக் கோடு, நகம் எல்லாம் ஒரே மாதிரி உருண்டுவிடும். பளபளப்பு இருக்கும், முகம் இருக்காது.

செம்பைக் குறைத்துப் பித்தளையை ஏற்றுவது இன்னொன்று. விலையும் குறைவு, சீக்கிரம் உருகும், நிறம் மட்டும் மஞ்சளடித்துக் காட்டிக்கொடுக்கும். அமிலம் தடவிப் பச்சை ஏற்றிப் பழசு என்று விற்பதைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது வேறு. நல்ல கையுள்ள ஸ்தபதி ஆர்டர் பிடிக்கும் முதலாளியாகிவிடுகிறார். உளி பிடிப்பவருக்குப் பீஸ் ரேட், அதாவது உருப்படிக் கணக்கில் கூலி. நிதானமாக வெட்டுகிறவர் அதில் நஷ்டப்படுகிறார். அவர் பிள்ளை ஏன் இந்த வேலைக்கு வரப்போகிறான்?

சிலை செய்யக் கொடுப்பவர்கள் எடைக்கு மட்டும் விலை பேசாதீர்கள். மெழுகு நிலையிலேயே போய்ப் பாருங்கள். வார்த்த பிறகு, பாலிஷுக்கு முன் ஒருமுறை பாருங்கள். உளி வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டு, அதற்குத் தனியாகக் கூலி பேசுங்கள்.