எங்கள் ஊர்ச் சுவருக்கு மோட்டார் வேண்டாம்

மச்சான் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் கட்டிய புது வீட்டில் போன ஜனவரியில் இரண்டு நாள் தங்கினேன். ஹாலின் தெற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பகல் பதினோரு மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றினோம். ராத்திரி எட்டு மணிக்கு அதே ஹாலில் கம்பளியும் ஹீட்டருமாக உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் கோடு கோடாக இறங்கிச் சட்டத்தில் தேங்கியிருக்கிறது. மரத்தரையின் ஓரம் கறுத்துவிட்டது. அக்கா தினமும் பழைய துண்டை வைத்துத் துடைக்கிறாள்.

ஒற்றைக் கண்ணாடி வழியே சூடு வெளியேறும் வேகம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 2000 வாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட்! அதில் பாதி, வெளியே ஊட்டிக் குளிரைச் சூடாக்கத்தான் போகிறது.

வெயிலுக்கேற்ப மாறும் முகப்பு என்று இப்போது கட்டடக்காரர்கள் நிறையப் பேசுகிறார்கள். அபுதாபியில் 2012-இல் முடிந்த அல் பஹர் இரட்டைக் கோபுரங்களில், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடிப்புக் குடைகள் சூரியனோடு சேர்ந்து மோட்டாரில் விரிந்து சுருங்குகின்றன. பார்க்க அழகு, பாலைவனத்துக்குப் பொருத்தம். ஆனால் பாரிஸில் 1987-இல் திறந்த அரபு உலக நிறுவனத்தின் தெற்குச் சுவரில், கேமரா கண் மாதிரி சுருங்கி விரியும் 240 தகடுகள் வைத்தார்கள். போகப்போகப் பல தகடுகள் அசையாமல் நின்றுபோயின. பாரிஸிலேயே அந்தக் கதி என்றால், பனியும் சாரலும் அடிக்கும் நம் மலையில் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது?

அதோடு, அங்கே வெயிலைத் தடுக்க வேண்டும். நீலகிரியில் பகலில் வெயிலை உள்ளே விட்டு, இருட்டியதும் அதைப் பூட்டி வைக்க வேண்டும். டிசம்பர் உச்சிவெயில் இங்கே தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கிறது. அதனால் மச்சான் கண்ணாடியைத் தெற்கில் வைத்ததில் தப்பே இல்லை. மூடுவதற்கு ஒன்றும் வைக்காததுதான் தப்பு.

நாங்கள் வளர்ந்த வீட்டில் ஜன்னலுக்கு இரண்டு கதவு. கண்ணாடி உள்ளே திறக்கும், பலகை வெளியே. நாலரை மணிக்கு வெயில் சரிந்ததும் அம்மா பலகைகளைச் சாத்திக் கொக்கி மாட்டுவாள். எட்டு ஜன்னலுக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகுமா? குரங்குத் தொல்லையும் போச்சு. எனக்குத் தெரிந்து மாறும் முகப்பு என்றால் அதுதான். ஜூன், ஜூலை மழை மூட்டத்தில் அதாலும் பெரிய பலன் இல்லை, அது வேறு விஷயம்.

மச்சானிடம் சொன்னேன்: கண்ணாடிக்கு வெளியே தண்டவாளம் போட்டுப் பலகைக் கதவு வை. உள்ளே திரை மட்டும் போட்டால் அதன் பின்னால் இன்னும் அதிகமாக வேர்க்கும். காட்டெருமை தோட்டத்துக்கு வருவதற்குள், ஆறு மணிக்கே போய் இழுத்துவிடு, அவ்வளவுதான்.

“வியூ போயிடுமே” என்றார்.

“எட்டு மணி இருட்டுல என்னங்க வியூ?” என்று அக்காதான் கேட்டாள். அடுத்த வாரம் ஆசாரி அளவெடுக்க வருகிறார்.