ஆள் குறைகிறது, குழாய் குறையவில்லை

"ஜப்பானில் வீடு சும்மா கொடுக்கிறாங்களாம்" என்று ஒரு ரீல் அடிக்கடி சுற்றி வரும். சில ஊர்களில் சும்மா கொடுப்பது உண்மைதான். ஏன் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் எந்த ரீலும் சொல்வதில்லை. (வீடு வாங்கினால் விசா கிடைக்காது என்பதையும் சொல்வதில்லை. ஆசைப்பட்டு அலைபவர்கள் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.)

2023 கணக்கெடுப்புப்படி அங்கே காலியாகக் கிடக்கும் வீடுகள் சுமார் 90 லட்சம். வாடகைக்கோ விற்பனைக்கோ காத்திருப்பவை, விடுமுறைக்கு மட்டும் திறப்பவை எல்லாம் கழித்தால் மிச்சம் 38.5 லட்சம். இவற்றுக்கு யாரும் குடிவரப் போவதில்லை. யாரும் இடிக்கப் போவதும் இல்லை.

இடிக்காததற்குக் காரணம் சோம்பலும் இல்லை, பாட்டன் வீட்டுப் பாசமும் இல்லை. சொத்து வரிதான். 200 சதுர மீட்டருக்கு உட்பட்ட ஒரு மனை, அரசு மதிப்பு 60 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வீடு நின்றால் மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் வரி. 10 லட்சத்துக்கு 1.4 விழுக்காடு, அதாவது 14,000 யென். வீட்டை இடித்த மறு ஆண்டே சலுகை போய்விடும். வெற்று மனைக்கு 70 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருப்பதால் 42 லட்சத்துக்கு வரி, 58,800 யென். "இடித்தால் ஆறு மடங்கு" என்று பேசிக்கொள்வது கொஞ்சம் மிகை. ஆனாலும் நாலு மடங்குக்கு மேல் வருகிறது.

இடிக்கும் செலவு தனி. சுமார் 100 சதுர மீட்டர் மரவீட்டுக்கு 10 முதல் 15 லட்சம் யென் சாதாரணமாக ஆகும். சந்து குறுகலாக இருந்து இயந்திரம் உள்ளே போக முடியாவிட்டால் கையால்தான் பிரிக்க வேண்டும், கூலி எகிறும். ஆஸ்பெஸ்டாஸ் சோதனை கட்டாயம். தோட்டத்தில் புதைத்த கழிவுநீர்த் தொட்டி இருந்தால் அதையும் தோண்டி எடுக்க வேண்டும். இவ்வளவு செய்து முடித்தாலும் மனை விற்குமா? 4 மீட்டர் அகலமுள்ள சாலையை மனை 2 மீட்டராவது தொட்டிருந்தால்தான் புது வீடு கட்ட அனுமதி. பழைய தெருக்களில் பல மனைகளுக்கு அது கிடையாது. வீடு போனால் மனையும் செல்லாக்காசு. 14,000 யென் கட்டிவிட்டுக் கூரை தானாக விழும்வரை சும்மா இருப்பதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்வது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. பராமரிக்காத காலி வீட்டுக்குச் சலுகையை நிறுத்த 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் நோட்டீஸ் அனுப்ப உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டுமே? வாரிசுப் பெயருக்கு மாற்றிப் பதிவது 2024 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதுவரை கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடந்த மனைக்கு இன்று முப்பது நாற்பது வாரிசுகள் இருப்பார்கள், அதில் சிலர் பிரேசிலில் இருப்பார்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நிலம் 41 லட்சம் ஹெக்டேர் என்று 2016 நிலவரத்தை வைத்து மதிப்பிட்டார்கள். கியூஷூ தீவைவிடப் பெரிய பரப்பு. வாரிசாக வந்த வேண்டாத மனையை அரசிடமே ஒப்படைக்க 2023 முதல் வழி உண்டு. ஆனால் கட்டடத்தை இடித்து, எல்லை காட்டி, மனுவுக்கு 14,000 யென், ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் 2 லட்சம் யென் கட்ட வேண்டும். சும்மா கொடுக்கவும் காசு!

வீடு கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. எனக்குப் பெரிய கவலை மண்ணுக்கு அடியில் இருப்பதுதான்.

ஜப்பானின் குடிநீர்க் குழாய்கள் சுமார் 7.4 லட்சம் கிலோமீட்டர். ஆயுள் என்று கணக்கில் வைத்திருப்பது 40 ஆண்டு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதைத் தாண்டிவிட்டது. மாற்றும் வேகம் ஆண்டுக்கு 0.7 விழுக்காடுகூட இல்லை. வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்று முடிய 140 ஆண்டுக்கு மேல். ஒரு கிலோமீட்டர் மாற்ற 10 முதல் 20 கோடி யென் ஆகிறது. இந்தப் பணம் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வர வேண்டும் என்பது அங்கே விதி. தெருவில் இருபது வீடு இருந்தபோதும் 500 மீட்டர் குழாய்தான், நாலு வீடு மிஞ்சியபோதும் அதே 500 மீட்டர்தான். ஆள் குறைந்த தெருவில் இன்னொரு தொல்லையும் உண்டு. அகலக் குழாயில் தண்ணீர் ஓடாமல் தேங்கும், குளோரின் வீரியம் இறங்கிவிடும். அதனால் குழாயின் கடைசி முனையில் நல்ல தண்ணீரைத் திறந்து கொட்டிவிடுகிறார்கள்.

பாதாளச் சாக்கடை இன்னும் மோசம். 2025 ஜனவரி 28, சைதாமா மாகாணம் யாஷியோ நகரம். சாலைச் சந்திப்பு உள்வாங்கி ஒரு லாரி விழுந்தது. அடியில் ஓடியது 1983இல் போட்ட, 4.75 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய். என்ன நடக்கிறது என்றால், காற்றில்லாத கழிவுநீரில் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும், அழுகிய முட்டை நாற்றம் அதுதான். நீர் குதித்து ஓடும் இடங்களில் அந்த வாயு மேலெழும். குழாயின் ஈரமான மேற்கூரையில் இருக்கும் வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் பட்ட சிமென்ட் ஜிப்சமாகி மாவுபோல் உதிரும். ஓட்டை விழுந்ததும் சுற்றியுள்ள மணல் குழாய்க்குள் இறங்கி ஓடிவிடும். மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் வெறும் குகை. பிறகு ஒருநாள் லாரி வரும்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் இந்தக் குழாயை உடனே மாற்றத் தேவையில்லை என்றுதான் குறித்திருந்தார்கள். அந்த ஒரே குழாயில் 12 நகராட்சிகளின் கழிவுநீர் சேர்வதால், குளியலையும் துணி துவைப்பதையும் குறைக்கச் சொல்லி 12 லட்சம் பேரிடம் இரண்டு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. பள்ளம் 40 மீட்டர்வரை விரிந்தது. லாரி ஓட்டுநரின் உடலை எடுக்க மே மாதம் ஆனது. அவருக்கு வயது 74. அந்த வயதிலும் லாரி ஓட்ட ஆள் வேண்டிய நாடு அது. யாஷியோ ஒன்றும் ஆளில்லாத கிராமம் அல்ல, டோக்கியோவை ஒட்டிய ஊர். 50 ஆண்டு தாண்டிய சாக்கடைக் குழாய் 2022 நிதியாண்டின் முடிவில் 30,000 கிலோமீட்டர். இருபதே ஆண்டில் அது 2 லட்சம் ஆகும்.

காட்டிலும் இதே கதை. போருக்குப் பிறகு வீடு கட்ட மரம் வேண்டும் என்று மலை மலையாக சுகி (ஜப்பானிய சீடார்) மரம் நட்டார்கள், ஹெக்டேருக்கு 3,000 கன்று வீதம். இடையிடையே ஆள்விட்டுச் சில மரங்களை வெட்டிக் கழித்தால்தான் தோப்பு உருப்படும். 1964இல் மர இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை போகவில்லை. 1980இல் 1.46 லட்சமாக இருந்த காட்டுத் தொழிலாளர் 2020இல் 44,000. கழிக்காத தோப்பில் வெயில் தரையைத் தொடாது, புல் முளைக்காது, மழைக்கு மண் சரியும். மரம் முப்பது வயதைத் தாண்டினால் மகரந்தம் கொட்டும். பத்துப் பேரில் நாலு பேருக்கு இப்போது அந்த ஒவ்வாமை. ஆளில்லாத ஊர்களின் பெர்சிமன் பழத்துக்குக் கரடி இறங்கி வருகிறது. அகிதா மாகாணத்தில் 2025 நவம்பரில் கரடிக் கூண்டு சுமக்க ராணுவத்தையே அனுப்பினார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு "குழந்தை பெற்றால் பணம்" என்று ஆண்டுக்கு 3.6 லட்சம் கோடி யென் திட்டம் போடுகிறார்கள். தாய்மாருக்கும் குழந்தைக்கும் செலவழிப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை மக்கள்தொகைக்கு மருந்து என்று விற்பது ஏமாற்று. 1949இல் பிறந்தது 27 லட்சம் குழந்தைகள், 2024இல் 6.86 லட்சம். அந்த ஆண்டு இறந்தவர்கள் 16 லட்சம். நாளைக் காலையே பிறப்பு கூடினாலும் அந்தக் குழந்தை தண்ணீர் வரி கட்ட இருபது வருடம் ஆகும். குழாய் அதுவரை காத்திருக்காது. வெளிநாட்டுத் தொழிலாளர் 2024 அக்டோபரிலேயே 23 லட்சம் பேர் இருந்தார்கள், அவர்களும் வேலை இருக்கும் நகரத்துக்குத்தான் போவார்கள். கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் அரசின் கடன் ஏற்கெனவே ஜிடிபியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வட்டி பூஜ்யத்தில் இருந்தவரை அது வலிக்கவில்லை. வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே வைத்திருந்த காலம் 2024 மார்ச்சில் முடிந்தது, இனி வலிக்கும்.

என் கருத்தில் அங்கே எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான். எந்தத் தெருவுக்குக் குழாய் மாற்றுவது, எந்தத் தெருவுக்கு மாற்றாமல் விடுவது? ஓட்டுக் கேட்டு நிற்கிற யாரும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

திவாலான பிறகு ஓர் ஊர் சொன்னது. ஹொக்கைடோவின் யூபாரி. நிலக்கரி ஊர், 1960இல் 1.17 லட்சம் பேர், இன்று 7,000கூட இல்லை. 2007இல் 3,530 கோடி யென் கடனை அடைக்கும் திட்டத்தின்கீழ் வந்தது. பாதி காலியான அடுக்குமாடிகளில் இருந்தவர்களை ஒரே கட்டடத்துக்கு மாற்றி, மெல்ல ஊர் நடுவே கொண்டுவந்தார்கள். 16.1 கிலோமீட்டர் ரயில் பாதையை மூடிக்கொள்ளுங்கள் என்று மேயரே ரயில்வேயிடம் போய்ச் சொல்லி, பதிலுக்குப் பேருந்துக்குப் பணம் வாங்கினார். 2019இல் பாதை மூடப்பட்டது. இதைப் பார்த்து எல்லா ஊரும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். யூபாரியின் வீடுகளில் பல சுரங்கக் கம்பெனியிடமிருந்து நகராட்சிக்கு வந்தவை. மற்ற ஊர்களில் வீடு அவரவர் சொத்து, முன்னே சொன்ன நாற்பது வாரிசு உட்பட.

நோட்டோ தீபகற்பத்தில் 2024 புத்தாண்டு அன்று நிலநடுக்கம். 1.3 லட்சத்துக்கு மேல் வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது, சுஸு, வாஜிமா பகுதிகளில் மே மாதம்வரை இழுத்தது. ஏப்ரலில் நிதி அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு, செலவையும் எதிர்கால மக்கள்தொகையையும் பார்த்துக் குடியிருப்புகளை ஒன்றுசேர்ப்பதை யோசிக்கலாம் என்றது. எங்களைக் கைவிடப் பார்க்கிறீர்களா என்று எதிர்ப்பு கிளம்பியது. குழு சொன்ன கணக்கு சரி. ஆனால் முதியோர் பாதிப் பேராக இருக்கும் ஊரில், வீடு இடிந்து நாலாவது மாதம் அதைச் சொன்னார்கள். நிலநடுக்கத்துக்கு முந்தைய இருபது வருடத்தில் என்றைக்காவது சொல்லியிருக்கலாம்.