ஒன்பதாயிரம் ஓட்டு

அயர்லாந்துக்கு 1995ஆம் வருடம் எப்படி இருந்தது என்ற உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் நோபல் பரிசுக்கு நான்கு பத்தி, விவாகரத்து வாக்கெடுப்புக்கு ஒரே வரி! என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் பெரிய கதையே அதுதான்.

அந்த நாட்டில் விவாகரத்துக்கு அரசியல் சாசனத்திலேயே தடை இருந்தது. அதை நீக்கலாமா என்று 1986இல் கேட்டபோது 63 சதவீதத்துக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். 1995 நவம்பர் 24இல் மறுபடி கேட்டார்கள். எதிர்த்தரப்பு ஒட்டிய போஸ்டர் ஒன்று இன்றும் பேசப்படுகிறது: "ஹலோ விவாகரத்து, பை பை டாடி". விஷமத்தனம்தான், ஆனாலும் ஐந்தே வார்த்தையில் வீட்டுக்குள் பயத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டான் எழுதியவன். முடிவு? தடையை நீக்கலாம் என்றவர்கள் 50.28 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 49.72. பதினாறு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்ததில் வித்தியாசம் 9,114 ஓட்டு! மறு வாரமே அப்போதைய அமெரிக்க அதிபர் கிளின்டன் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனார், அது வேறு விஷயம்.

அப்புறம், பிப்ரவரியில் டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில், இங்கிலாந்துடனான கால்பந்து ஆட்டத்தின்போது நடந்த கலவரத்தையும் விட்டுவிட்டீர்கள். அயர்லாந்து ஒரு கோல் முன்னிலை. இங்கிலாந்து ரசிகர்கள் மேல் அடுக்கு இருக்கைகளைப் பிய்த்துக் கீழே இருந்தவர்கள் மேல் வீசினார்கள். 27ஆவது நிமிடத்தில் ஆட்டம் நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை.

ஹீனி விஷயத்தில் ஒன்று சேர்த்திருக்கலாம். பரிசு அறிவித்தபோது மனிதர் கிரீஸில் விடுமுறையில் இருந்தார். உலகமே தேடிக்கொண்டிருக்க, அவருக்குத்தான் சேதி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.