பிரேக் மிதித்தால் சிக்னல் நிற்காது

வாகனம் திரும்பும்போது போடும் சிக்னல் லைட்டைப் பற்றி மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன், “பிரேக் மிதித்தால் சிக்னல் மினுங்காது, எல்லா வாகனமும் அப்படித்தான்” என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

கொழும்பில் ஓடும் ஜப்பான் கார்களில் பெரும்பாலும் பின்பக்க சிக்னலுக்குத் தனி மஞ்சள் பல்ப். பிரேக்குக்குத் தனி வயர், தனிச் சிவப்பு. பிரேக் மிதித்தபடியே திரும்பினாலும் இரண்டும் தன்தன் வேலையைச் செய்யும்.

சில அமெரிக்கக் கார்களில்தான் ஒரே சிவப்பு லைட்டின் ஒரே பல்ப் இழை இரண்டுக்கும். அங்கேயும் சிக்னல் நிற்பதில்லை. வலப்பக்கம் போட்டால் சுவிட்ச் அந்தப் பக்கத்து பிரேக் மின்சாரத்தை வெட்டி மினுங்க வைக்கும், இடப்பக்கம் அப்படியே எரியும்.

உங்கள் வாகனத்தில் பிரேக் மிதித்ததும் சிக்னல் மங்குகிறதா? முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் உடலுக்குத் திரும்பிப் போகும் வயரைப் பாருங்கள். எங்கள் பழைய வேனில் அதேதான்: பின் லைட்டுக்குள் எர்த் வயரின் நுனி பச்சை பூத்திருந்தது. வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து இழை வழியாகத் திரும்பி ஓடியது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புது லைட் வாங்கப் புறப்பட்டவன், உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்தேன். அப்புறம், சிக்னல் வழமையைவிட வேகமாக அடித்தால் அது வேறு கதை. பெரும்பாலும் ஒரு பல்ப் போயிருக்கும்.