எந்த மெர்சோவைப் படித்தீர்கள்?

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவல் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை இங்கே திரும்ப விவரிக்கப் போவதில்லை. காணொளி பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "பெற்ற தாய் செத்ததை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்கிறவனுக்கு மனம் என்று ஒன்று இருக்குமா?" என்று நாவலின் நாயகன் மெர்சோவைப் பற்றிப் பேச்சாளர் கேட்டதும், அரங்கம் கைதட்டியதும்கூட எனக்குப் பெரிதில்லை. "நீங்கள் படித்தது யாருடைய மொழிபெயர்ப்பு ஐயா?" என்று நான் கேட்டதற்கு, "எதைப் படித்தால் என்ன, கதை ஒன்றுதானே" என்று சொல்லி என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கதை ஒன்று இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலின் முதல் வாக்கியம் பிரெஞ்சில் "ஓஜூர்துய், மமான் எ மோர்த்". 'மமான்' என்பது சிறு பிள்ளை முதல் தலை நரைத்தவர் வரை வீட்டுக்குள் கூப்பிடும் சொல். நம் 'அம்மா'. ஸ்டூவர்ட் கில்பர்ட் 1946இல் ஆங்கிலத்தில் அதை "மதர் டைட் டுடே" என்று ஆக்கினார். ஜோசப் லாரெடோவும் 1982இல் 'மதர்' என்றே விட்டார். 1988இல் மாத்யூ வார்ட்தான் 'மமான்' என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குள் வைத்தார். 2012இல் சாண்ட்ரா ஸ்மித் "மை மதர்" என்றார். ஒரே ஒரு சொல்தானே என்பீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதானே அன்று மேடையில் ஒரு மனிதனுக்கு மனமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னீர்கள்?

இன்னும் இரண்டு வரி தள்ளி வாருங்கள். முதியோர் இல்லத்திலிருந்து வந்த தந்தி. அதில் இருப்பது 'மமான்' இல்லை, 'மேர்'. தாயார் காலமானார், நாளை அடக்கம் என்கிற தொனி. மகன் வாயில் அம்மா, தந்தியில் தாயார். காம்யு இரண்டையும் அருகருகே வைத்தது சும்மாவா? கில்பர்ட்டிடம் இரண்டும் 'மதர்'. வீட்டுச் சொல்லும் அலுவலகச் சொல்லும் ஒன்றாகிவிட்டன. தந்தியைப் படித்த மெர்சோ, இதற்கு அர்த்தமே இல்லை, நேற்றாகக்கூட இருக்கலாம் என்கிறான். அர்த்தமே இல்லை என்பது எளிய வாக்கியம், கையில் தாளை வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவன் சொல்வது. கில்பர்ட் அதை "விச் லீவ்ஸ் த மேட்டர் டவுட்ஃபுல்" என்று மாற்றிவிட்டார். வக்கீல் நோட்டீசில் வர வேண்டிய வாக்கியம் அது. அப்படிப் பேசுகிற மகன் கல்மனசுக்காரனாகத்தான் தெரிவான். அறிக்கை வாசித்தது மெர்சோ இல்லை, கில்பர்ட்.

முதல் பாகத்தின் முடிவையும் பாருங்கள். மெர்சோ ஒருவனைச் சுட்டுக் கொன்ற பிறகு மேலும் நான்கு தோட்டாக்கள். துரதிர்ஷ்டத்தின் கதவில் தான் தட்டிய நான்கு குறுகிய தட்டுகள் போல இருந்தன என்கிறான். 'குறுகிய' என்பதுதான் காம்யுவின் சொல். கில்பர்ட்டில் அவை உரத்த, விதிவசமான தட்டுகள். 'உரத்த' எங்கிருந்து வந்தது? 'விதிவசமான' எங்கிருந்து வந்தது? கடைசி வரியில் வெறுப்புக் கூச்சல் என்று காம்யு எழுதினார். கில்பர்ட் 'எக்ஸிக்ரேஷன்' என்று ஒரு புத்தகச் சொல்லைப் போட்டிருக்கிறார். கப்பல் அலுவலகத்தில் ரசீது எண்ணும் குமாஸ்தா மெர்சோ பேசுகிற சொல்லா அது?

கில்பர்ட்டை அவமதிக்கிறேன் என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். இல்லை. ஜாய்ஸின் 'யுலிஸஸ்' பற்றி நூலே எழுதியவர் அவர். ஆங்கில உலகம் காம்யுவை முதலில் படித்தது அவர் வழியாகத்தான். நானும் கல்லூரியில் கண் விழித்துப் படித்தது அவருடைய மொழிபெயர்ப்பைத்தான். நன்றி இருக்கிறது. நன்றி இருப்பதற்காக ஒரு மனிதனின் குரலை மாற்றியதைச் சொல்லக்கூடாதா?

ஆங்கிலத்தில் 'மமான்' அந்நியமாக ஒலிக்கிறதே என்கிறார் இன்னொரு நண்பர். ஒலிக்கட்டும். அந்நியன் பற்றிய நாவல்தானே. அலியான்ஸ் பிரான்சே என்ற பிரெஞ்சு மொழிப் பள்ளியில் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்டவருக்கும் பதில் உண்டு: வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கிய 'அந்நியன்' க்ரியா வெளியீடாக நம் கையில் இருக்கிறது. பிரெஞ்சே வேண்டாம், அதையாவது எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். 'அம்மா' என்ற சொல் இருக்கிற மொழியில் உட்கார்ந்துகொண்டு 'மதர்' என்ற சொல்லை நம்பி ஒருவனைத் தூக்கில் போடுகிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று மனைவி கேட்டாள். சொல்கிறேன்.

1994. போபாலில் வேலை. ஒரு மத்தியானம் தந்தி வந்தது. "மதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி." சித்தப்பா கொடுத்த தந்தி. அம்மாவை 'அண்ணி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் அவர். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய தந்தியில் நான்கு சொற்கள்தான் அவரால் அனுப்ப முடிந்தது. 'எக்ஸ்பயர்ட்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து அட்டையில் பார்க்கிற சொல். எப்போது நடந்தது, இன்றா, நேற்றா, அதில் இல்லை. உடன் வேலை செய்தவர் கேட்டபோது, "தெரியவில்லை, நேற்றாகக்கூட இருக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

ஜி.டி. எக்ஸ்பிரஸில் உட்கார்ந்துகொண்டே வந்தேன். விஜயவாடாவில் பக்கத்தில் இருந்த பெரியவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். சட்னி இலையில் ஊறி, இட்லி ஒரு பக்கம் பச்சையாகியிருந்தது. நான்கையும் சாப்பிட்டேன். பசித்தது. எனக்காக உடலை ஐஸில் வைத்துக் காத்திருந்தார்கள். வாசலில் பெரியம்மா, "சாப்பிட்டியாப்பா?" என்றார். "விஜயவாடாவில் சாப்பிட்டேன் பெரியம்மா" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அன்று இரவே திண்ணையில் பேச்சு காதில் விழுந்தது: "இட்லி தின்னுட்டு வந்திருக்கான். கண்ணுல ஒரு சொட்டு இல்ல."

மெர்சோ சவப்பெட்டி அருகே பால் காபி குடித்தான் என்பதை நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்தினார்கள். தாயின் அடக்கத்தில் அழாதவன் இந்தச் சமூகத்தில் மரண தண்டனை பெறக்கூடும் என்று காம்யு 1955இல் எழுதிய முன்னுரையில் சொன்னார். மெர்சோ ஒரு அரேபியனைக் கொன்றவன், அந்த அரேபியனுக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை. அதைச் சொல்லி அவனைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நீங்களும் அவன் அழவில்லை என்பதற்காகத்தான் கைதட்டினீர்கள்.

காரியம் முடிந்து போபால் திரும்பிய பிறகு வார்ட்டின் மொழிபெயர்ப்பு கிடைத்தது. முதல் பக்கத்தில் 'மமான்' என்று பார்த்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். ஊரில் வராத அழுகை. அதைப் பார்க்கத் திண்ணையில் யாரும் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். நான்கு ஆங்கிலப் பிரதிகளையும் ஸ்ரீராமின் 'அந்நியன்' நூலையும் பையில் எடுத்துவருகிறேன். முதல் பக்கத்தை மட்டும் ஐந்திலிருந்தும் சத்தமாக வாசிக்கிறேன். பத்து நிமிடம் போதும். அதுவரை மைக்கை வாங்காதீர்கள்.