ராஜா வருவதற்கு முன்பே சபை இருந்தது

போன வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி சொன்னார்: "அக்கா, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மட்டும் கிறிஸ்துவிடம் மனம் மாறாமல் இருந்திருந்தால் சபை அன்றைக்கே காணாமல் போயிருக்கும்." சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

கான்ஸ்டன்டைனும் அவரோடு பேரரசை ஆண்ட லிசினியுசும் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது 313-இல். அதற்கு 200 வருடம் முன்னால், 112 வாக்கில், கருங்கடலை ஒட்டிய பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, இந்த மக்களை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்கும் இந்த விசுவாசம் பரவிவிட்டது, பழைய தெய்வங்களின் கோயில்கள் கிட்டத்தட்ட வெறிச்சோடிப் போயிருந்தன என்கிறார். குறிப்பிட்ட நாளில் விடியும் முன்பே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்களாம். திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்களாம். அது போதாதென்று, உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். அவர்களைச் சபையில் "ஊழியக்காரிகள்" என்று அழைத்தார்கள் என்பதையும் அவரே எழுதுகிறார். ஊருக்கு அடிமைகள், சபையில் பொறுப்பில் இருந்தவர்கள். அவர்கள் பெயரை அவர் எழுதவில்லை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

எந்த ராஜா இவர்களைச் சேர்த்தார்?

சபை வளர்ந்தது வீடுகளில். புதிய ஏற்பாட்டில் சபைக்கு வரும் கிரேக்கச் சொல் "எக்லேசியா"; அதற்குக் கூடிவந்த மக்கள் என்று பொருள், கட்டடம் அல்ல. நம் தமிழில் சபை என்கிறோமே, அது எவ்வளவு பொருத்தமான சொல்! புதிய ஏற்பாட்டிலேயே பாருங்கள்: பிலிப்பியில் இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்ற லீதியாளின் வீடு. கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைக் கிலவுதியு ராயன் ரோமிலிருந்து வெளியேற்றினான். அவர்கள் எபேசுவில் இருந்தபோதும் வீட்டில் சபை, ரோமுக்குத் திரும்பிய பிறகும் வீட்டில் சபை.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் துரா எவ்ரோபோஸ் என்று ஒரு ஊர். அங்கே 240 வாக்கில் ஒரு சாதாரண வீட்டின் நடுச்சுவரை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கி ஜெப அறை ஆக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் நல்ல மேய்ப்பன் ஓவியம். பாரசீகப் படை முற்றுகையிட்டபோது மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணில் புதைந்ததால்தான் அது தப்பியது. 1930-களில் தோண்டி எடுத்தார்கள். படத்தைப் பாருங்கள், நம் ஊர் வீட்டுக் கூடம் மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் ரோம். 251-இல் ரோம் ஆயர் கொர்நேலியு அந்தியோகியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு இருக்கிறது: 46 மூப்பர்கள், சபை பராமரிக்கும் விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். அரசு துன்புறுத்திக்கொண்டிருந்த காலத்தில் 1,500 பேருக்குச் சோறு போட்ட சபை அது! 313-க்குப் பிறகு கூட்டம் பெருகியது உண்மை, பெரிய ஆலயங்கள் எழும்பியதும் உண்மை. ஆனால் கான்ஸ்டன்டைன் கைகொடுத்தது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒன்றுக்கு.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. பவுல் அப்போஸ்தலன் ரோம் சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு முழுப் பிரசங்கம் நான் இதுவரை கேட்டதில்லை. "வெறும் பெயர்ப் பட்டியல்தானே" என்று ஒரு போதகர் என்னிடமே சொல்லியிருக்கிறார். அதில்தான் கொரிந்துக்குப் பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயாவின் சபையில் ஊழியக்காரி பெபேயாள் வருகிறார். பவுல் தன்னைச் சொல்லும்போது எழுதிய அதே கிரேக்கச் சொல்லைத்தான் அவருக்கும் எழுதுகிறார். கர்த்தருக்குள் பிரயாசப்பட்ட திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் வருகிறார்கள். ரூப்புவின் அம்மாவை, எனக்கும் அவர் தாய் என்கிறார் பவுல்.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து நானே வாசிக்கப்போகிறேன். தம்பி, நீங்களும் வாருங்கள்.