குஞ்சுக்குத் தானியம் ஆகாது

"கம்பும் நொய்யரிசியும் வைத்தால் போதும், சிட்டுக்குருவி குஞ்சு பொரித்து வளர்த்துவிடும், செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வளர்ந்த குருவிக்குச் சரி. பொரித்த முதல் சில நாட்களில் குஞ்சுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிதான்: அசுவினி, பச்சைப்புழு, சின்ன வெட்டுக்கிளி. பங்குனி, சித்திரையில் தோட்டத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், அலகில் புழுவோடு குருவி கூரை ஓட்டு இடுக்கில் உள்ள கூட்டுக்குள் நுழையும். தேன்சிட்டும் அப்படித்தான், குஞ்சுக்குச் சிலந்தி தேடி அலையும். மருந்து அடித்தால் இதெல்லாம் எங்கே கிடைக்கும்? காராமணிக் கொடியில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், கொஞ்சம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.